இரக்கமும் காசு சுண்டலும்

சென்ற ஆண்டு யாம் அயலிலுள்ள பள்ளியொன்றிற் பிள்ளைகளுக்கு மாலைதோறும் வாய்விட்டு வாசிக்கும் பயிற்சி அளித்து, அதன் பயனை அளந்தறிய முற்பட்டோம். நாற்பதின்மருள் இருபதின்மரைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. எழுத்துக் கூட்டவும் இடர்ப்பட்டோரைக் கண்டு மனமிரங்கி, பெரும்பாலும் அவரையே சேர்த்துக்கொண்டோம். தொடக்கத்தில் ஒருவரையும் அளந்திலோம். மூன்று திங்கள் சென்றபின் சோதித்தபோது, பயிற்சி பெற்றோர் பெறாதோருக்குப் பின்னரே நின்றனர். குறை பயிற்சியினதோ எம் தெரிவினதோ என்று அறியமாட்டாது நாணி நின்றோம்.

எம் ஆசிரியர் அது கேட்டு முறுவலித்து, பழைய செய்தியொன்றைக் கூறினார். 1930ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து லானர்க்ஷயரில், 67 பள்ளிகளைச் சார்ந்த 20,000 பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடைபெற்றது. அவருள் 10,000 பேருக்கு நான்கு மாதம் பள்ளியிற் பால் கொடுத்தனர், ஏனையோருக்குக் கொடுத்திலர். செலவு ஏறத்தாழ 7,500 பவுன். ஆயினும் பால் பெறாதோர் தொடக்கத்திலேயே உயரத்தினும் எடையினும் மிக்கிருந்தனர். அணிகளைச் சமன்செய்யும்படி விடப்பட்ட ஆசிரியர்கள், எம்மைப் போலவே, எளிய பிள்ளைகள்பால் இரங்கினர் போலும்!

'மாணாக்கன்' எனப் பொருள்படும் 'ஸ்டூடெண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட் 1931இல் இக்குறையை எடுத்துக்காட்டினார். உருவொத்த இரட்டையர் 50 இணையரைக் கொண்டு, ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மட்டும் பால் கொடுத்திருப்பின், நூற்றில் ஓரிரு பங்குச் செலவிலேயே உறுதிமிக்க விடை கிடைத்திருக்கும் என்றார். பிற வேற்றுமைகள் அருகியவிடத்துப் பாலால் வரும் சிறு வேற்றுமையும் புலப்படுமன்றோ? தொகை பெருகினும் தெரிவின் கோணல் நிமிராது.

எமக்கு இரட்டையர் ஏது? ஆகலின் இவ்வாண்டு புதிய பிள்ளைகள் நாற்பதின்மரை முதலில் வாசிக்கச் செய்து மதிப்பெண் இட்டு, அடுத்தடுத்து நின்றோரை இணைகளாக்கி, இணைதோறும் காசு சுண்டினோம். செலவு ஒரு தாள் மட்டுமே. ஆனால் காசு ஒதுக்கிய சிறுவன் ஒருவன், "எனக்கு ஏன் இல்லை, ஐயா?" என்று கேட்டபோது எம் நெஞ்சம் கலங்கிற்று. பயன் உண்டோ என அறியாத ஒன்றை அளிப்பது இன்னும் அருளாகாது என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம். "பயனுடையதாயின் அடுத்த மூன்று திங்கள் உனக்கே" என்று அவனுக்கு வாக்களித்தோம்.

சோதனை முடிந்தது. இணை இணையாக ஒப்புநோக்கியபோது பயிற்சி பெற்றோரே பெரும்பாலும் முந்தி நின்றனர். மறுநாள் மாலை, அச்சிறுவன் எமக்கு முன்னரே வந்து புத்தகத்தை விரித்து அமர்ந்திருந்தான்.