டிரெய்லர் சக்கரமும் மரை போன போல்ட்டும்

எங்க டிராக்டர் இழுக்கிற டிரெய்லர், 1996-ல அப்பா வாங்கினது. நாலு சக்கரம், சக்கரத்துக்கு ஆறு போல்ட். இப்போ வர்ற டிரெய்லர்களில் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டு நிற்கும். சக்கரத்தை அதில் மாட்டி, வெளியே நட்டு போட்டு முறுக்குவார்கள். எங்களுடையது பட்டறையில் செய்த பழைய சரக்கு. ஹப்பிலேயே மரை வெட்டி, அதற்குள் போல்ட்டைத் திருகுவது.

போன மாசம் அப்பாதான் கவனித்தார். பின் சக்கரத்தில் இரண்டு போல்ட் ஓரத்திலிருந்து துரு கோடு கோடாக இழுத்திருந்தது. பிடி தளர்ந்து உரசினால்தான் அப்படி வரும். ஸ்பேனர் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை. ஆளைத் திட்ட "மரை கழண்ட கேஸு"ன்னு சொல்வோம்ல, அதேதான்.

மாட்டு வண்டியில் இந்த வேலையைக் கடையாணி பார்த்தது. அச்சு நுனியில் செருகின சின்ன இரும்பு ஆணி. அது விழுந்து சக்கரம் கழண்டாலும், மாடு நடக்கிற வேகத்துக்கு வண்டி ஓரமாச் சாயும், அவ்வளவுதான். ஆனா துவரங்குறிச்சிக்குக் கடலை மூட்டை ஏத்திக்கிட்டுப் போனா, திருச்சி–மதுரை நாலுவழிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டியாகணும். அங்கே கழண்ட சக்கரம் பின்னால வர்ற பைக்காரன் மேலதான் போய் விழும். அவன் யாரு பெத்த புள்ளையோ.

ஒரு பட்டறையில், "போல்ட்ட வச்சு வெல்டிங் அடிச்சிரலாம்ணே"ன்னான். வார்ப்பு இரும்பு ஹப், சூட்டில் விரிசல் விடும். பஞ்சரானா சக்கரத்தை எப்படிக் கழட்டுறது? வண்டியைத் திருப்பிக்கிட்டு லேத்து பாய்கிட்ட வந்தேன்.

பாய் ஹப்பைக் கழட்டி, கிரீஸைத் துடைத்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "தம்பி, ஒவ்வொரு தடவை போல்ட்ட கழட்டி மாட்டுறப்பவும் தேயறது ஹப்பு மரைதான். ஸ்டட்டா மாத்திட்டா தேயறது ஸ்டட்டும் நட்டும். அது சில்லறைக் காசு. ஹப்பு அப்படியா?"

எனக்கு அது போதுமாக இருந்தது. பழைய மரையை முழுசாகக் கடைந்து வெற்று ஓட்டையாக்கினார். கழுத்தில் பல் வெட்டின ஸ்டட்டைப் பின்பக்கமிருந்து பிரஸ்ஸில் அழுத்தினார். அந்தப் பல் ஹப்பைக் கடித்துக்கொள்ளும், கூடச் சுற்றாது. நாலில் ஒரு ஹப்பில் மயிரிழை விரிசல். அதை மட்டும் தொடமாட்டேன்னுட்டார். பழைய இரும்புக்கடையில் வேறு ஒன்று தேடிப் பிடித்தோம்.

சக்கரம் மாட்டுவதற்கு முன் டிஸ்க் உட்காருகிற இடத்தில் துருவையும் தடித்த பெயிண்டையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டச் சொன்னார். லோடைத் தாங்குவது போல்ட் இல்லையாம், டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றை ஒன்று அழுத்திப் பிடிக்கிற பிடிதானாம். நடுவில் பெயிண்ட் இருந்தால் ஓடஓட நசுங்கி, பிடி தளரும். நட்டின் கூம்பு முகம் உள்பக்கம். ஒன்றை முறுக்கினால் அடுத்து எதிரில் இருப்பது. முதல் லோடு இறக்கினதும் மறுபடி ஒரு தடவை.

இன்னொரு சுகம், வயல்ல பஞ்சரானப்பதான் தெரிஞ்சது. முன்னெல்லாம் ஒருத்தர் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் ஓட்டையைத் தேடணும். இப்போ ஸ்டட்டில் தொங்கவிட்டு நான் ஒருத்தனே மாட்டிடறேன்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிச்ச மஞ்சள் பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருபத்திநாலு நட்டிலும் நட்டிலிருந்து டிஸ்க் வரை ஒரு கோடு இழுத்துவிட்டார் அப்பா. நட்டு நகர்ந்தால் கோடு முறியும். வண்டி கிளம்புமுன் அதைச் சுற்றிப் பார்ப்பது இப்போ அவர் வேலை. டீ ஆறினாலும் பரவாயில்லைங்கறார்.