ஓடாநிலையில் தேடிய கோட்டை

சென்னிமலை தாண்டி அரச்சலூர்ச் சாலையில் போகும்போது ஒருமுறை வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் அப்புச்சி சொன்ன கதை இந்த மலையில்தான் தொடங்கும். மைசூருக்குக் கொண்டுபோன வரிப்பணத்தை மறித்துப் பறித்த இளைஞன், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கும் சின்னமலை வாங்கிக்கொண்டதாகப் போய்ச் சொல்லச் சொன்னானாம். தீர்த்தகிரி என்ற அந்த இளைஞர் அன்றிலிருந்து சின்னமலை ஆனார். வாய்வழிக் கதைதான். காங்கேயம் பக்கம் அதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் கிளம்பியிருந்தேன். ரயிலடிப் பக்கம் குமரன் நினைவிடத்தைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். கொடியைப் பிடித்தபடி 1932-ல் அடிபட்டுச் செத்தவரை எங்கள் ஊர் மறக்கவில்லை. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னால் வாளெடுத்த சின்னமலையின் இடத்தை இத்தனை வயதுக்கு மேல்தான் பார்க்க வருகிறேன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஓடாநிலையில் அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது, சிலை இருக்கிறது. கும்பிட்டேன். பிறகு கோட்டையைத் தேடினேன்.

காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்தவர் சின்னமலை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்த பிறகு, அவர் பக்கம் நின்று போரிட்ட சின்னமலை ஊர் திரும்பி இங்கே கோட்டை கட்டினார், பீரங்கி வார்த்தார். காவிரிக்கரையில் 1801, இதே ஓடாநிலையில் 1802, அரச்சலூரில் 1804 என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மூன்றுமுறை விரட்டியதாக இந்த மண் நினைவு வைத்திருக்கிறது. கடைசியில் பெரிய பீரங்கிகளோடு படை வந்தபோது, முன்கூட்டியே எச்சரித்தவர் பொல்லான். வெள்ளையர் முகாமில் செருப்புத் தைப்பவராக இருந்துகொண்டு, செருப்புக்குள் ஓலையை வைத்துத் தைத்து அனுப்பினார் என்கிறார்கள். சின்னமலை தப்பினார். வெறும் கோட்டையைப் பிடித்தவர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். நான் நின்ற இடத்தில் ஒரு மதில் துண்டு கண்ணில் படவில்லை.

போலந்தின் வார்சா நகரைப் பற்றிப் படித்தது அங்கே ஞாபகம் வந்தது. பெயர் தெரியாத போர்வீரனுக்கு 1925-ல் சாக்சன் அரண்மனையின் வளைவுகளுக்குக் கீழே கல்லறை அமைத்தார்கள். 1944 டிசம்பரில் ஜெர்மன் படை அந்த அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தது. கல்லறைக்கு மேலே எஞ்சிய வளைவுகளைப் போலந்துக்காரர்கள் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். இன்றும் காவலர்கள் அந்த இடிபாட்டுக்கு அடியில்தான் நிற்கிறார்கள். ஓடாநிலையிலும் மண்ணுக்கடியில் அஸ்திவாரம் கொஞ்சமாவது இருக்காதா? தோண்டிப் பார்த்து, மதில் ஓடிய வழியைக் கல் நட்டுக் காட்டினால் போதும். பளிங்குத் தரையைவிட அது எனக்குப் பெரிது.

மதியம் சங்ககிரி போய்ச் சேர்ந்தேன். மாமா அங்கே லாரி வைத்திருக்கிறார்.

"மேல தண்ணி கெடைக்காது மாப்ளே, இங்கயே ரெண்டு பாட்டில் வாங்கிக்க."

மலையை வளைத்து வளைத்து ஏறும் கற்படிகள். ஒரு வாசலைக் கடந்தால் இன்னொரு வாசல். ஒவ்வொன்றும் நேராக நுழைய விடாமல் திருப்பத்தில் நிற்கிறது. யானையோ படையோ ஓடிவந்து மோத முடியாத கட்டுமானம். விஜயநகரக் காலத்தில் எழுந்து, மைசூர்க்காரர்கள் கைக்கு வந்து, 1792 உடன்படிக்கைக்குப் பின் கம்பெனியிடம் போன கோட்டை. வழியில் பெருமாள் கோயிலும் தர்காவும் உண்டு. மதில்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

பின்னால் பிடிபட்ட சின்னமலையையும் தம்பிகளையும் 1805 ஜூலை 31 அன்று இந்த மலையில்தான் தூக்கிலிட்டார்கள். ஊர்க்கணக்கில் அது ஆடிப் பதினெட்டு. காவிரி பெருகும் நாளில் கொங்குநாட்டுக்கு ஒரு துக்கமும் சேர்ந்துகொண்டது.

உச்சியில் காற்று பலமாக அடித்தது. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு வரிசையாகப் போயின. அவர் கட்டிய கோட்டையில் ஒரு கல்லைக்கூடக் காணவில்லை. அவர் உயிரை எடுத்த கோட்டை ஒரு வாசல்கூடக் குறையாமல் நிற்கிறது. மதிலில் கை வைத்தேன். வெயிலில் சுட்டது. வெகுநேரம் எனக்குப் பேச வரவில்லை.

இறங்கும்போது மாமா சொன்னார்: "ஆடிப் பதினெட்டுக்கு வா மாப்ளே. மாலை போடறதுக்கு அத்தன சனம் வரும்."

"அன்னைக்கு ஓடாநிலைக்குப் போறனுங்க மாமா. மதில் எங்கிருந்து எதுவரைக்கும் ஓடுச்சுன்னு அந்த ஊர்ப் பெரியவங்களக் கேக்கோணும்."