பிள்ளைவாள் பெயரில் பகா எண்கள்

சேரன்மகாதேவியில் செங்கோட்டை ரயிலைப் பிடித்தால் தென்காசி, குற்றாலம் பக்கம் போய்விடலாம். அருவியில் குளிக்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு, பக்கத்திலிருக்கும் வல்லம் ஒரு கணித மேதையின் ஊர் என்று தெரியும்? எஸ். எஸ். பிள்ளை, 1901-ல் பிறந்தவர். 'பிள்ளை பகா எண்கள்' என்று ஒரு கூட்டமே அவர் பெயரில் இருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களும் பயப்பட வேண்டாம். பெருக்கலும் மீதியும் தெரிந்தால் போதும்.

5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 5 வரை பெருக்கினால் 120. ஒன்றைக் கூட்டினால் 121. அதை மீதியில்லாமல் வகுக்கும் பகா எண் 11. அந்த 11-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 1. இப்படியே 6-க்குச் செய்தால் 721. அதன் பகா எண்கள் 7, 103. இரண்டையும் 6-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான்!

எப்போதுமே மீதி 1 தான் வருமா? இதுதான் பிள்ளை கேட்ட கேள்வி.

7 வரை ஒழுங்காக வரும். 8-ல் உடைந்துவிடும். 40321 என்பது 61 x 661. இரண்டுமே 8-ஆல் வகுத்தால் மீதி 5. இப்படி ஒழுங்கை மீறும் பகா எண்களுக்குத்தான் பிள்ளை பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அதற்கு 14 வரை பெருக்க வேண்டும். கணித அறிஞர் சௌலா இதைக் கவனித்துச் சொன்னார்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். 13 வரை பெருக்கினாலே 32 பிட் எண் நிரம்பி வழிந்து, தப்பான விடை வரும். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் சோதிக்கும் பகா எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. பத்து வரி போதும். 100-க்குள் உள்ள 25 பகா எண்களில் எட்டு சிக்கும்: 23, 29, 59, 61, 67, 71, 79, 83.

ஆனால் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும், இவை முடிவில்லாமல் வரும் என்று கம்ப்யூட்டரின் பட்டியல் சொல்லாது. அதை நிரூபித்து ஹார்டியும் சுப்பாராவும் எழுதிய கட்டுரை 2002-ல் வந்தது. (ராமானுஜனின் ஹார்டி அல்ல, இவர் வேறு.)

பிள்ளை அதைப் பார்க்கவில்லை. 1950 ஆகஸ்ட் 31-ல், அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். வயது 49.

கேள்விக்கு விடை 'இல்லை' என்று வந்தும், கேட்டவர் பெயர் நிலைத்துவிட்டது. வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.