கேட்டில் நீட்டப்படும் தாள்

வரிச் சோதனைக்காக ஓசூர் எல்லையின் ஜூஜூவாடிச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம், 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது. சாவடி போனாலும் சோதனை போகவில்லை. இப்போது அது ஓசூர் சிப்காட் பட்டறைகளின் கணக்கறைக்கே வருகிறது.

துறை வண்டி கேட்டில் வந்து நின்றதும் பழகிய கணக்காளர் அடையாள அட்டையைக் கேட்பார், அடுத்து ஐ.என்.எஸ்.-01 படிவத்தை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 67-ஆவது பிரிவுப்படி, இணை ஆணையரோ அவருக்கு மேற்பட்டவரோ எழுத்தில் தரும் அனுமதி அது. அதில் எழுதியிருப்பது ஆய்வா, சோதனையா என்று பார்ப்பதில்தான் தொழில் இருக்கிறது. ஆய்வென்றால் இடத்தைப் பார்க்கலாம், சரக்கை எண்ணலாம், கணக்கைக் கேட்கலாம். சரக்கையோ ஆவணத்தையோ ஒளித்து வைத்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் சோதனை; திறக்க மறுத்தால் பூட்டை உடைக்கலாம், கதவுக்குச் சீல் வைக்கலாம்.

இறக்குமதி செய்யும் ஆலை என்றால் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதன் 105-ஆவது பிரிவில் உதவி ஆணையரே சோதனைக்கு அனுமதி தரலாம். 108-ஆவது பிரிவில் சம்மன் அனுப்பி வாக்குமூலம் வாங்கலாம். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்று ரமேஷ் சந்திர மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-இல் சொல்லிவிட்டது. அவரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாக நிற்கும். எத்தனை மணியானாலும் வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்வார்கள் ஆலோசகர்கள்.

சோதனையின் கடைசிக் கட்டம் மகஜர், கைப்பற்றியவற்றைப் பதியும் பத்திரம். ‘பல ஆவணங்கள் கைப்பற்றப்பட்டன’ என்று எழுதினால் கணக்காளர் விடமாட்டார். ‘நீல அட்டை டெலிவரி சலான் புத்தகம் ஒன்று, எண் 1 முதல் 50 வரை, 17-ஆம் தாள் இல்லை’ என்று எழுதவைப்பார். இல்லாத அந்தத் தாள் அன்றைக்கே பதிவாகாவிட்டால், பின்னாளில் அதைக் கிழித்தது யார் என்ற கேள்வி பட்டறைக்காரர் தலையில் விழும். நோட்டீஸுக்கு ஆதாரமாகக் கொள்ளாத ஆவணங்களை, நோட்டீஸ் கொடுத்த 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்கிறது சட்டம். மகஜரில் பெயரில்லாத புத்தகத்தை எதைக் காட்டிக் கேட்பது?

நள்ளிரவில் ‘இப்போதே கட்டிவிடுங்கள்’ என்ற பேச்சும் எழுவதுண்டு. சோதனை நடக்கும்போது வரி வசூலிக்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 மே 25-இல் அறிவுறுத்தியிருக்கிறது. தானாக முன்வந்து கட்டுவதற்குத் தடையில்லை.

ஓசூருக்கென்று தனித் தலைவலி ஒன்று உண்டு: எல்லை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரையான சரக்குக்கு இ-வே பில் வேண்டாம். ஆனால் முலாம் பூசவோ கடைசல் வேலைக்கோ ஒரு பெட்டி போல்ட் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்தின் பொம்மசந்திராவுக்குப் போனால், மதிப்பு ஐந்நூறு ரூபாயானாலும் இ-வே பில் கட்டாயம். மாநிலம் தாண்டும் ஜாப் ஒர்க்குக்கு மதிப்பு வரம்பே கிடையாது. அப்படிப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்காகும். சரக்கை எண்ணிப் பார்க்கும்போது இருப்பு இடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அனுமதித் தாளில் குறை கண்டுபிடித்தால் தப்பிவிடலாம் என்று நம்பும் முதலாளிகள் உண்டு. அவர்களுக்கு ஆலோசகர்கள் காட்டுவது 1973-இன் பூரண் மல் தீர்ப்பு. சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும், அதில் கிடைத்த ஆவணத்தை அந்தக் காரணத்துக்காகவே ஒதுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே விவரமான கணக்காளர், மாதக் கடைசியில் திரும்பாத சலான்களைப் பட்டியல் எடுத்து, பொம்மசந்திராக்காரருக்குப் போன் போடுகிறார்.