அம்மா கேட்ட கேள்வி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கஸ்டர்ட் என்றதும் நண்பர்கள் பலருக்கும் நாவில் நீர் ஊறக்கூடும். திருமணப் பந்தியின் முடிவில் சிறு கிண்ணத்தில் தருவார்களே, மஞ்சள் நிறக் கூழில் ஆப்பிளும் திராட்சையும் மிதக்க, அதுதான். எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது மருத்துவமனையில் கழித்த ஓர் இரவு. இக்கட்டுரை பாலும் முட்டையும் சேராத கஸ்டர்ட் ஒன்றின் சமையல் குறிப்புதான். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் குறிப்பை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். அப்பா தேங்காய் உரிக்கும் தொழிலாளி. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. 2018 ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஒரே இரவில் தோப்பு தோப்பாகத் தென்னைகள் சாய்ந்தன. உரிப்பதற்குத் தேங்காய் இல்லாமல் அப்பா திருப்பூருக்குப் போய் இரண்டு ஆண்டுகள் மூட்டை தூக்கினார். என் படிப்பை மட்டும் நிறுத்தவில்லை. எங்கள் கொல்லையில் நின்ற மூன்று தென்னைகளில் ஒன்று பிழைத்துக்கொண்டது. அந்த மரத்துக்கு இக்கட்டுரையில் வேலை இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எழுத்து என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லாம் என் பொறுப்பு. மின்கட்டணமா, வங்கிப் புத்தகமா, மருந்துச் சீட்டா, எதுவானாலும் அம்மா என்னிடம் நீட்டுவாள். நான் படித்துச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் தவறுக்கு வித்திட்டது.

என் தம்பிக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாய் இருந்தபோதே பசும்பால் கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்துப் போகும். பிறகு முட்டையும் ஆகாது என்று தெரிந்தது. அவனுக்காக எங்கள் வீட்டில் எல்லாருக்குமே வரக்காப்பிதான். பள்ளியில் சத்துணவின்போது மற்றப் பிள்ளைகளுக்கு முட்டை, அவனுக்கு வாழைப்பழம். அவன் வகுப்பில் பழம் வாங்குகிறவன் அவன் ஒருவனே. அதனால் பிள்ளைகள் அவனுக்குப் 'பழம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாழைப்பழத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டான்.

சென்ற ஆண்டு ஆவணியில் மாமா மகளுக்குத் திருமணம். பந்தியில் கஸ்டர்ட் வந்தது. தம்பி கிண்ணத்தைப் பார்த்தான்; பிறகு என் முகத்தைப் பார்த்தான். கஸ்டர்ட் பவுடர் உறை ஒன்றை நான் ஒருமுறை கடையில் நின்று படித்திருக்கிறேன். மக்காச்சோள மாவு, உப்பு, நிறமி, மணமூட்டி என்று போட்டிருந்தது. பாலும் இல்லை, முட்டையும் இல்லை. பரிமாறியவரிடம் கேட்டேன்.

"முட்டை ஊத்துனதாண்ணே?"

"இல்லம்மா, பவுடர்தான்."

எதிர்ப் பந்தியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "எதுல கிண்டுனாங்கன்னு கேளு புள்ள."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் பாக்கெட்டப் படிச்சிருக்கேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் கஸ்டர்ட் காய்ச்சியதே கிடையாது. மாவைத் தண்ணீரில் கரைப்பார்கள் என்று நினைத்தேனா, அல்லது எதையும் நினைக்கவே இல்லையா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த உறையின் பின்புறத்தில் செய்முறை அச்சிட்டிருந்தது. அதை நான் படிக்கவில்லை. படித்திருந்தால் 'பால்' என்ற சொல் முதல் வரியிலேயே இருந்திருக்கும்.

தம்பி மூன்று கரண்டிதான் சாப்பிட்டிருப்பான். உதடு வீங்கியது. இருமினான். மூச்சு இழுக்கத் தொடங்கியது. மாமாவின் மோட்டார் சைக்கிளில் நடுவில் அவனை வைத்துப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். தொடையில் ஊசி போட்டார்கள். விடியும் வரை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அவன் மூச்சு சீரான பிறகும் நான் அவன் மார்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

காலையில் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பால் குடித்தால் சிலருக்கு வயிறு உப்பும். அது பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காததால் வருவது. தம்பிக்கு இருப்பது அதுவன்று. பாலிலுள்ள கேசின் முதலிய புரதங்களை அவன் உடம்பு பகை என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. பாலைக் காய்ச்சினாலும் கேசின் அழியாது. ஆட்டுப் பாலின் புரதமும் பசும்பாலின் புரதத்தை ஒத்திருப்பதால் அதுவும் வேண்டாம் என்றார். கேசின் ஒரு புரதம் என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். என்ன பயன்!

அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் வெளியே மருந்துக் கடையில் அவள் சீட்டை என்னிடம் நீட்டவில்லை. கடைக்காரரிடமே எது காலை, எது இரவு என்று கேட்டு, மாத்திரைகளைத் தனித்தனியாக முடிந்துகொண்டாள். வேண்டுமென்று செய்தாளா, தன்னை மறந்து செய்தாளா என்பது எனக்குத் தெரியாது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு வாரம் கழித்துத் தம்பி மெல்லச் சொன்னான்: "நல்லாத்தான்க்கா இருந்துச்சு. இனிமே அது கெடையாதா?"

அந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கே ஒரு செய்தி என்னை நிறுத்தியது. கஸ்டர்ட் என்பது ஆதியில் பாலையும் முட்டையையும் சேர்த்துக் காய்ச்சுவது. சூடேறும்போது முட்டையின் புரதம் உறைந்து பாலை இறுகச் செய்யும். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்றொரு வேதியியல் அறிந்த மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஆகாது. மனைவியும் கஸ்டர்ட் சாப்பிட வேண்டுமே என்று 1837 ஆம் ஆண்டில் முட்டைக்குப் பதிலாக மக்காச்சோள மாவுச்சத்தை வைத்து அவர் ஒரு தூள் தயாரித்தார். இன்று கடைகளில் விற்கும் கஸ்டர்ட் பவுடருக்கு அதுவே மூலம். ஆக, என் தம்பிக்கு வேண்டியதில் பாதியை ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து முடித்துவிட்டார்! முட்டையை அவர் எடுத்தார். பால் மட்டும் அப்படியே நின்றது. அந்த மிச்சப் பாதியை நாம் செய்து பார்த்தால் என்ன?

பாலுக்குப் பதில் என்ன என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. கொல்லையில் மரம் நின்றது. தேங்காய் தம்பி தினமும் சாப்பிடுவது. அதனால் கெடுதல் இல்லை. புதுமைப்பெண் திட்டத்தில் அந்த மாதம் வந்த 1000 ரூபாயில் கார்ன் ஃப்ளார் பொட்டலம் ஒன்று வாங்கினேன். சோளமாவு என்று கேட்டால் சில கடைகளில் அரைத்த மாவைத் தருவார்கள். நமக்கு வேண்டியது வெள்ளை வெளேரென்ற மாவுச்சத்து. இந்த முறை உறையின் முன்னும் பின்னும் படித்தேன்.

முதல் ஞாயிறு: தேங்காய்ப் பாலைச் சூடாக்கி, அதில் மாவை அப்படியே கொட்டினேன். கட்டி கட்டியாய்த் திரண்டது. ஒரு கட்டியை நசுக்கினால் உள்ளே உலர்ந்த மாவு! சூட்டில் வெளிமாவு உடனே வெந்து பசையாகி, உள்மாவுக்கு நீர் புகாதபடி அடைத்துவிட்டது. மாவுச்சத்தின் நுண்மணிகள் குளிர்ந்த நீரில் கரையா. ஆனால் பிரிந்து தொங்கி நிற்கும். ஏறத்தாழ 62 முதல் 72 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் அவை நீரை உறிஞ்சி ஊதிப் பெருத்துக் கூழாகும். ஆகவே முதலில் குளிர்ந்த நீரில் கரைக்க வேண்டும். இது புத்தகத்திலேயே இருந்தது. நான்தான் புத்தகத்தைக் கல்லூரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தேன்.

இரண்டாம் ஞாயிறு: மாவைக் கரைத்து ஊற்றினேன். கட்டி இல்லை. கெட்டிப் பாலையும் முதலிலேயே சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். பால் திரிதிரியாகி மேலே எண்ணெய் மிதந்தது. நான் கரண்டியும் கையுமாய் விழித்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"முதப் பாலக் கொதிக்க விட்டா எண்ணெயாத்தான் போகும். பாயாசத்துக்கு நான் எப்ப ஊத்துவேன்? இத்தன வருசமாத் தின்னியே, பாக்கவே இல்லையா?"

பார்த்ததில்லை. உண்மையில் பார்த்ததே இல்லை. தேங்காய்ப் பால் ஒரு பால்மம். எண்ணெய்த் துளிகளைத் தேங்காயின் புரதம் நீரில் பிரித்துப் பிடித்திருக்கிறது. அதிகச் சூட்டில் அப்புரதம் உறைந்து பிடியை விட்டால் எண்ணெய் தனியே வந்துவிடும். இதை நான் இரண்டாம் பருவத்தில் கூழ்மங்கள் என்ற பாடத்தோடு சேர்த்துப் படித்திருக்க வேண்டியவள். அம்மா இதை அவளுடைய அம்மாவின் அடுப்படியில் படித்திருக்கிறாள். பாடம் ஒன்றுதான்!

மூன்றாம் ஞாயிறு இருவரும் சேர்ந்து செய்தோம். அந்தச் செய்முறை இதோ:

முற்றிய தேங்காய் ஒன்றைத் துருவி, வெதுவெதுப்பான நீர் கொஞ்சமாய் விட்டு அரைத்துப் பிழிந்து, முதல் பால் ஒரு டம்ளர் எடுத்துத் தனியே வைக்கவேண்டும். மறுபடி அரைத்து இரண்டாம் பால் ஒன்றரை டம்ளர் எடுக்கவேண்டும். மூன்று மேசைக்கரண்டி கார்ன் ஃப்ளாரை அரை டம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைக்கவேண்டும். இரண்டாம் பாலில் ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு கல் உப்பு, நிறத்துக்கு அரைச் சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு அடுப்பில் வைத்து, ஓரங்களில் ஆவி வரும்போது, கரைத்த மாவை ஒருமுறை கலக்கிவிட்டு ஊற்றிக் கைவிடாமல் கிண்டவேண்டும். சிறு தீ போதும். கூழ் இறுகிப் பளபளத்து, பச்சை மாவு வாடை போகும்வரை மூன்று நான்கு நிமிடம் வேகவிட்டு இறக்கவேண்டும். இறக்கிய பிறகே முதல் பாலைச் சிறிது சிறிதாய் ஊற்றிக் கலக்கி, ஏலக்காய் தட்டிப் போடவேண்டும். ஆற ஆற இன்னும் இறுகும். மேலே ஆடை படராமல் இருக்க அவ்வப்போது கலக்கிவிட்டால் போதும். மஞ்சள்தூள் கூடினால் வாடை காட்டிக்கொடுத்துவிடும்; எச்சரிக்கை!

நன்றாக ஆறியதும் தம்பிக்கு முதலில் ஒரே ஒரு கரண்டி கொடுத்தோம். அரைமணி நேரம் மூவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா வேலையிலிருந்து வந்து காரணம் தெரியாமல் தாமும் உட்கார்ந்தார். உதடு வீங்கவில்லை. இருமல் இல்லை. "ஏன் எல்லாரும் என்னையப் பாக்குறீங்க? இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றான் அவன். கிண்ணம் நிறையக் கொடுத்தோம். பாதி தின்றவன் எழுந்து போய், மாடத்தில் இருந்த பூவன் பழம் ஒன்றை எடுத்துவந்து, தானே நறுக்கி அதில் போட்டுக்கொண்டான்!

நண்பர்களே, பால், முட்டை முதலியவை ஓர் உணவில் இருந்தால் அதை உறையின்மேல் தெரிவிக்க வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் உணவு விவரச்சீட்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் பந்தியில் வரும் வாளிக்கு உறை ஏது? அங்கே அம்மாவின் கேள்விதான் உதவும். அம்மாவுக்கு உறையைப் படிக்கத் தெரியாது; நான் படிக்க வேண்டும். எனக்குச் சட்டியைப் பார்த்துக் கேட்கத் தெரியவில்லை; அவள் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பதை ஓர் இரவு முழுவதும் நான் பார்த்துவிட்டேன். நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாம் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதால் வீட்டார் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒருநாளும் எண்ணிவிட வேண்டாம். என்னைப் போல் பாடம் கற்க வேண்டாம்.

சென்ற வாரம் தம்பியின் பள்ளியில் ஏதோ விழா என்று பிஸ்கட் பொட்டலம் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். அம்மா அதை அவனிடமிருந்து வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"படி புள்ள. பின்னாடியும் படி."

படித்தேன்.