ஒன்பதரை மணிச் சித்தி

எம்.ஆர்.ராதாவை எங்கள் ஆச்சி கடைசிவரை மன்னிக்கவில்லை. 1967 ஜனவரியில் அவர் எம்.ஜி.ஆரைச் சுட்டது ஆச்சிக்கு நேற்று நடந்த மாதிரி. டிவியில் 'ரத்தக்கண்ணீர்' போட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அப்படிப்பட்டவள், திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி ஒன்பதரைக்கு அதே ராதாவின் மகள் ராதிகாவைப் பார்ப்பதற்காக எட்டரைக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியோடு டிவிக்கு நேர் எதிரே இடம் பிடித்துக்கொள்வாள். "அப்பன் செஞ்சதுக்குப் புள்ள என்ன பண்ணும்?" என்று அவளே கேட்டு, அவளே தலையாட்டிக்கொள்வாள்.

சன் டிவியில் 'சித்தி' சீரியல் 1999 டிசம்பரில் ஆரம்பித்து 2001 நவம்பர் வரை ஓடியது. சாத்தூரில் எங்கள் தெருவில் அப்போது கேபிள் இழுத்த வீடுகள் கொஞ்சம்தான். எங்கள் வீடு அதில் ஒன்று. ஒன்பது மணிக்கே பட்டாசாலை நிறைந்துவிடும். வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஆளுக்கொரு தட்டு, அதில் தீப்பெட்டி ஆபீஸில் வாங்கி வந்த அட்டை, ஒரு கிண்ணத்தில் பசை. மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்ட பசை. அதன் வாடை இப்போதும் எனக்கு அந்த சீரியலின் வாடைதான். நித்யஸ்ரீ பாடிய தலைப்புப் பாட்டு வந்ததும் பேச்செல்லாம் நின்றுவிடும். விரல் மட்டும் நிற்காது. 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ், குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. கண் ராதிகா மேல் இருக்கும், ஆள்காட்டி விரல் தானாகப் பசையைத் தொட்டு அட்டையின் ஓரத்தில் ஓடும், பெருவிரல் மடித்து அமுக்கும், பெட்டி தட்டில் விழும். ராதிகா நடித்த சாரதா அழுகிற கட்டம் வந்தால்தான் அந்தச் சத்தம் நிற்கும். ஆச்சி மூக்கைச் சிந்தியபிறகு மறுபடி தொடங்கும்.

சாரதா, மனைவியை இழந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு, மூத்தாள் மகளுக்குத் தாயாக வந்தவள். கணவராக சிவகுமார். எங்கள் தெருவில் மாற்றாந்தாய் என்றால் சோற்றில் உப்பைக் கொட்டுகிறவள், சூடு போடுகிறவள். பார்த்த சினிமாவும் கேட்ட கதையும் அப்படி. வடக்குத் தெருவில் இரண்டாம் தாரமாக வந்த ஒரு மதினி இருந்தாள். கூட்டத்தில் சேராமல் எப்போதும் நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பாள். சீரியல் ஆரம்பித்து ஏழெட்டு மாதம் போயிருக்கும், ஒருநாள் ஆச்சியே அவளைக் கூப்பிட்டு, "உள்ள வந்து உக்காரு தாயி" என்றாள். ராதிகா நடிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். எதுவும் இதற்கு ஈடாகத் தோன்றவில்லை.

தண்ணீர் பஞ்சத்துக்குப் பேர்போன ஊர். குழாயில் என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்று எவருக்கும் தெரியாது. சொல்லிவைத்த மாதிரி ஒன்பதரைக்கு வந்து தொலைக்கும். குடங்களை வரிசையில் போட்டுவிட்டுப் பெண்கள் எல்லாம் உள்ளே இருப்பார்கள்; குழாயடிக் காவல் பிள்ளைகளுக்கு. குடம் நிறைய நிறைய நகர்த்தி வைக்க வேண்டும், சண்டை வந்தால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாக ராதிகாவின் குரல் மட்டும் எங்களுக்குக் கேட்கும். அந்தக் கொஞ்சம் கரகரத்த, அடித்தொண்டைக் குரல். கோபமா, கெஞ்சலா, அழுகையை அடக்குகிறாரா என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். பல எபிசோடுகளை நான் பார்க்கவே இல்லை, கேட்டிருக்கிறேன்.

எங்களுக்குச் சித்தியாக வந்தவர், அத்தைக்குப் பாஞ்சாலி. பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' 1978இல் வந்தபோது அத்தை தாவணி போட்ட புதுசு. ராதிகாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. நடிப்பு என்றால் என்னவென்று தெரியாமலே வந்து நின்ற பெண். அந்தப் படத்தில் ஊரைவிட்டுப் போன காதலன் ரயிலின் கடைசிப் பெட்டி முதுகில் எழுதி அனுப்புவான். பாஞ்சாலி தண்டவாளத்து ஓரம் நின்று படிப்பாள். எங்கள் ஊர் மதுரை - திருநெல்வேலி ரயில் பாதையில் இருக்கிறது. படம் வந்த பிறகு கொஞ்ச நாளைக்கு, கேட் பக்கம் போகிற பெண்கள் எல்லாம் ரயில் போய் மறையும்வரை கடைசிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். "எவன் எழுதப் போறான்னு கெடந்து பார்த்தோமோ" என்று அத்தை சிரிப்பாள்.

அத்தை சொல்லித்தான் பின்னால் இருந்து முன்னால் போய் அவருடைய பழைய படங்களைப் பார்த்தோம். 'போக்கிரி ராஜா', 'நல்லவனுக்கு நல்லவன்' என்று ரஜினியோடு நடித்தவை. கே.விஸ்வநாத் தெலுங்கில் எடுத்து இங்கே 'சிப்பிக்குள் முத்து'வாக வந்த படம். சூதுவாது தெரியாத கமல் கட்டிய தாலியோடு திகைத்து நிற்கிற விதவைப் பெண் அதில். அந்தப் படத்தைத்தான் இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கு அனுப்பினார்கள். 1985இல் 'மீண்டும் ஒரு காதல் கதை'யைத் தயாரித்து, இயக்குநரின் முதல் படத்துக்கான தேசிய விருதையும் வாங்கியிருந்தார். 'கேளடி கண்மணி' போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் துள்ளிக் குதித்தோம். அதிலும் அவர் பெயர் சாரதா. பேச்சும் காதும் இல்லாத பெற்றோரை விட்டுப் பிரிய முடியாத சாரதா டீச்சர். எங்கள் சாரதாவின் இளவயதுக் கதை போலிருக்கிறது என்று என் தம்பி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தான்.

நடிகைக்கு முப்பத்தைந்து தாண்டினால் நம் சினிமா அக்கா வேஷமும் அம்மா வேஷமும் தயாராக வைத்திருக்கும். அவர் நடித்த 'ஜீன்ஸ்' வந்தது 1998இல். அதற்கடுத்த வருஷமே தன் ராடான் நிறுவனத்தில் சித்தியை எடுத்து, நடு வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார் ராதிகா. சீரியல் முடிவில் பெயர்கள் ஓடும்போது எங்கள் வீட்டுக் கூட்டம் எழுந்து போகாது. குரோஸ் கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்கள். நடிக்கிறவரேதான் முதலாளியும் என்பது அவர்களுக்கு ஆச்சரியமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. "யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல பாரு" என்பாள் பெட்டி ஒட்டுகிற பெரியக்கா ஒருத்தி. அவள் ஆபீஸில் போய் நிற்காத நாள் கிடையாது.

பிறகு 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 2013 முதல் 2018 வரை இரட்டை வேடத்தில் 'வாணி ராணி'. ஒன்றை முடித்தால் இன்னொன்று. மனசில் பட்டதைச் சொல்வதென்றால், அரசிக்குப் பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. மெகா சீரியலின் இழுவைக்கு எந்த நடிப்பும் தாங்காது. ஒரே முகபாவத்தை மூன்று முறை திருப்பிக் காட்டினால் நல்ல நடிகையும் பொம்மையாகத்தான் தெரிவார். சினிமாக்காரர்கள் அவரை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம். 2016இல் 'தர்மதுரை' பாண்டியம்மாவைப் பார்த்தபோது, அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கிறதே என்று மனசு நிறைந்தது. ஆனாலும் என் கணக்கில் அவர் நடித்ததிலேயே பெரியது 1993இல் வந்த 'கிழக்குச் சீமையிலே'தான். அண்ணன் விஜயகுமாருக்கும் புருஷன் நெப்போலியனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட விருமாயி. யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடுகிற அந்த முகம், எங்கள் பட்டாசாலையில் தட்டோடு உட்கார்ந்திருந்த பாதிப் பெண்களின் முகம்.

2024 தேர்தலில் விருதுநகர் தொகுதிக்கு பா.ஜ.க. வேட்பாளராக வந்தார் ராதிகா. சாத்தூர் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. ஆச்சி அப்போது இல்லை. இருந்திருந்தால் ராதா மகளா, எம்.ஜி.ஆரின் ரெட்டை இலையா என்று திண்டாடியிருப்பாள். ரெட்டை இலையும் அந்த முறை தொகுதியில் நிற்கவில்லை, கூட்டணியில் தே.மு.தி.க.வின் முரசுக்குக் கொடுத்திருந்தார்கள். ஊரிலிருந்து அத்தை போனில், "சித்தியப் பாக்க தெருவே போயிருச்சுல்ல" என்றாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். "பாக்கப் போறது வேற, ஓட்டு வேறம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வாக்குகளை எண்ணியபோது ராதிகாவுக்கு 1.66 லட்சம், மூன்றாவது இடம்.