நொடிகளைத் துரத்தும் கரை

கேரளத்தின் தென்கோடிக் கடலோர ஊரான பொழியூரில் ஓடுவதற்கு இடம் உண்டு. எவ்வளவு வேகமாக ஓடினோம் என்று அறிவதுதான் பெரும்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மணி அடிக்கும் முன்பே பொழியூர்க் கடற்கரையில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. மற்ற நாட்களில் இந்த நேரத்தில் கரைமடி இழுப்பவர்களின் கயிறுகள் மணலில் நீண்டு கிடக்கும், வள்ளங்கள் கரையேறும், மீன் வாங்க வந்தவர்களின் விலைபேசல் அலையை மிஞ்சும். கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறு கடலுக்கு ஓய்வு. மேலேற்றி வைத்த வள்ளங்களுக்கும் அலைக்கும் நடுவே கிடைக்கிற சில கெஜ ஈரமணல் அன்றைக்கு மட்டும் ஓடுகிறவர்களுக்குச் சொந்தம்.

இவர்கள் தொந்தி கரைக்க ஓடுகிறவர்கள் அல்ல. இருபது வயதைச் சுற்றியுள்ள பையன்கள். ஒருவன் கையில் செல்போன், அதில் நொடிக் கணக்கு. போன வாரத்தைவிட இந்த வாரம் எத்தனை நொடி குறைந்தது என்பதே பேச்சு. குறைந்தால் முதுகில் தட்டுகிறார்கள். குறையாவிட்டால் மணலைக் குறை சொல்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

வார இறுதியில் கூடி ஓடி, தன் பழைய நேரத்தைத் தானே முறியடிக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது சமீப காலத்தில்தான். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். 'பார்க்ரன்' என்று இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இலவச ஓட்டத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி. சென்னையில் 2006-ல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்கள் இங்கேயும் அந்த ஆசையை வளர்த்தன. அங்கெல்லாம் பத்து நொடி தவறினால் நஷ்டம் காபிக் கடைப் பேச்சில் கொஞ்சம் கௌரவம், அவ்வளவுதான்.

பொழியூர்ப் பையன்களுக்கு அந்தப் பத்து நொடி வேலை. ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழுசாக 60 மதிப்பெண். அடுத்த 15 நொடிக்குள் வந்தால் 48. கடலுக்குப் போகும் அப்பாவுக்கும் சீருடை அணியப்போகும் மகனுக்கும் இடையில் நிற்பது சில சமயம் அந்த 15 நொடிதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்தக் கரையோரத்து ஆட்களைக் கடலோடு கொண்டுபோன பிறகு, பிள்ளை கரையிலேயே ஒரு சம்பளத்தில் உட்காரட்டும் என்று தாய்மார்கள் நினைப்பதில் வியப்பில்லை.

சிக்கல் அதோடு தீரவில்லை. ஊருக்குத் தெற்கே சற்று ஓடினாலே மாநிலம் மாறிவிடும். அந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கொல்லங்கோடும் நீரோடியும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டவற்றில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, அது கேரளத்திலேயே தங்கிவிட்டது. வலையும் வள்ளமும் உறவும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பேச்சில் தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிப்பது கடினம்.

கடிகாரம் மட்டும் வேறு. கேரள போலீஸ் உடல்திறன் தேர்வில் எட்டு இனங்களில் ஐந்தில் தேற வேண்டும். அவற்றில் ஒன்றான 1,500 மீட்டர் ஓட்டத்துக்கு ஆண்களுக்கு 5 நிமிடம் 44 நொடி. 100 மீட்டருக்கு 14 நொடி. தமிழ்நாட்டுக் காவலர் தேர்விலோ 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே அதிலிருந்து தப்ப வழியில்லை. பிறகு 100 மீட்டரை 15 நொடியில் தொட்டால் ஒரு நட்சத்திரம், 13.5 நொடியில் தொட்டால் இரண்டு. கேரளத்துப் பையன் 1,500 மீட்டரைக் கைகழுவிவிட்டு நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், கயிறு ஏறுதல் என்று வேறு ஐந்தைப் பிடித்துக்கொள்ள முடியும். கயிறு ஏறுவது வலைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய வித்தையும் இல்லை.

இனி மணல் சமாச்சாரம். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் அதே வேகத்தில் ஓடுவதைப்போல் 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. நடப்பதற்கு இன்னும் மோசம், இரண்டு மடங்குக்கும் மேல். கால் வைத்த இடம் நழுவுகிறது, தரையை உதைத்த பலத்தில் ஒரு பங்கை மணல் விழுங்கிவிடுகிறது. ஆகவே அலை பின்வாங்கும் வேளையில் இறுகிக் கிடக்கும் ஈரப்பட்டையைத் தேடுகிறார்கள். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்தப் பட்டை அகலமாக விரிவதில்லை. போதாததற்குக் கரை சரிவு. கடல் பக்கத்துக் கால் தாழ்ந்தும் மறுகால் உயர்ந்தும் ஓட வேண்டும். திரும்பி வரும்போது வலி கால் மாறும்.

தூரத்தை அளப்பது அடுத்த தொல்லை. மீனவர் கணக்கில் ஆழமும் கயிறும் பாகத்தில்தான் அளக்கப்படும். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. 1,600 மீட்டர் என்றால் சுமார் 875 பாகம். அளந்துவிடலாம். ஆனால் அளந்த கரை அடுத்த மாதம் அங்கே இருக்க வேண்டுமே!

ஊரின் பெயரிலேயே அந்த எச்சரிக்கை உண்டு. பொழி என்பது ஆறு கடலைச் சேருமிடத்தில் மணல்திட்டு மூடுவதும் உடைவதுமாக இருக்கும் வாய். வடக்கே பூவாரில் நெய்யாறு கடலில் விழும் இடத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் மணலை அள்ளிப் போகும், அலை அடங்கிய மாதங்களில் கொஞ்சம் திருப்பித் தரும். தருவது குறைந்துவருகிறது என்பது ஊரின் கவலை. தமிழ்நாட்டுப் பக்கம் நீரோடியில் போட்ட கல் தடுப்புகளால்தான் தங்கள் கரை அரிபடுகிறது என்பது இங்குள்ளவர்களின் நெடுநாள் புகார். மணல் கரையோரமாகவே பயணம் செய்வது. ஓரிடத்தில் மறித்தால் மற்றோரிடத்தில் பற்றாக்குறை வரும். எல்லைக்கோட்டை மணல் மதிப்பதில்லை, ஆனால் தடுப்புச்சுவர் கட்டும் அரசாங்கங்கள் மதிக்கின்றன.

2024 மார்ச் 31 அன்று மழையோ புயலோ இல்லாமல் கடல் ஏறியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தெற்குக் கடலில் கிளம்பிய பேரலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து வந்து சேர்ந்தன. திருடனைப்போல் வருவதால் மலையாளத்தில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். பொழியூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ஓட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இத்தகைய கரையில் ஒருவன் தன் நேரத்தைத் தானே முறியடித்தான் என்பதற்கு என்ன அர்த்தம்? ஜனவரியில் இறுகிய மணலில் எடுத்த நேரத்தை மே மாதத்துச் சரிவில் எட்ட முடியாது. கால் மெலிந்ததா, கரை மெலிந்ததா என்று கடிகாரம் சொல்லாது. லண்டன் பூங்காவில் ஓடுகிறவனுக்கு இந்த வார ஐந்து கிலோமீட்டரும் போன வார ஐந்து கிலோமீட்டரும் ஒன்றே. இங்கே அப்படி இல்லை. தன்னோடு தான் போட்டியிடவும் அசையாத தரை வேண்டியிருக்கிறது.

இந்த ஊர் கால்பந்தில் பேர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பந்தாட்டத்துக்கு அளந்த தரை அவசியமில்லை. இரண்டு கம்பை ஊன்றினால் கோல். சறுக்கும் மணலில் திரும்பவும் நிற்கவும் பழகிய கால்கள் புல்தரையில் இறங்கினால் சங்கிலி கழற்றியதைப்போல. சந்தோஷ் டிராஃபி ஆட்டக்காரர்களின் ஊர் என்றே பொழியூருக்குப் பெயர். 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் மேற்கு வங்கத்தை பெனால்டி உதைகளில் 4-2 என்று வென்று, பதினாலு ஆண்டுகளுக்குப் பிறகு கேரளம் கோப்பையை எடுத்த அணியில் இவ்வூர் எஸ். சீசன் ஆடினார். மறு ஆண்டு அவரே கேப்டன். தகுதிச் சுற்று நடந்த இடம் நெய்வேலி. சாம்பியன் அணி அங்கே ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது.

ஆனாலும் அணிக்குப் பதினோரு பேர்தான். கால்பந்தில் இடம் கிடைக்காதவன் செல்போனை எடுத்துக்கொண்டு நொடி எண்ணத் தொடங்குகிறான். தேர்வுத் தேதி நெருங்கினால் மணலை விட்டுத் தார்ச்சாலைக்கு ஏறுகிறான். பொழியூரில் தொடங்கிக் காசர்கோடு மாவட்டத்துக் குஞ்சத்தூர்வரை கடலோர நெடுஞ்சாலை போடக் கேரள அரசு திட்டமிட்டது. மீன் வண்டிகளுக்காகவும் சுற்றுலாவுக்காகவும் என்று சொல்லப்படும் சாலை. கிலோமீட்டர் கல் நட்டால் ஓடுகிற பையன்களுக்கும் உதவும்.

ஏழு மணிக்குப் பூசை மணி அடிக்கிறது. பையன்கள் கடலில் கால் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டுகிறார்கள். குதிகாலால் கிழித்த தொடக்கக் கோடு அரை மணி நேரத்தில் அலையோடு போய்விட்டது. அடுத்த ஞாயிறு, வரிசையாக நிற்கும் வள்ளங்களில் எதிலிருந்து எண்ணுவது என்று பேசிக்கொண்டே மேலேறுகிறார்கள்.